எல்லோருக்கும் முறை வைத்தவர்

அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று யார் கேட்டாலும் நாங்கள் நாலு பேரும் நாலு கதை சொல்வோம். டிரம்ஸ்காரன் அது தன் தாளத்திலிருந்து பிறந்தது என்பான். பாடகி, தான் பல் விளக்கும்போது முணுமுணுத்த மெட்டு என்பாள். பேஸ் கிதார்க்காரன் பேட்டி என்றால் போதும், மண், வேர், மரபு என்று ஆரம்பித்துவிடுவான். அவன் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன், மண்ணைத் தொட்டு ரொம்ப நாளாகிறது. நான் கிதாரோடு பாட்டும் எழுதுகிறவன் என்பதால், எழுதியவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இணையத்தில் இன்றைக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நாலும் பொய். ‘நீ எனக்கு இன்னா மொற’ என்ற அந்தப் பாட்டு எங்கள் டெம்போ டிரைவரின் வாயிலிருந்து வந்தது. நாங்கள் அதற்கு கிதாரும் பம்பையும் சேர்த்தோம், அவ்வளவுதான். வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் அந்தப் பாட்டைப் போடாத கல்யாண மண்டபம் இன்றைக்குக் கிடையாது. காதுகுத்தில் போடுகிறார்கள், மஞ்சள் நீராட்டில் போடுகிறார்கள், சம்பந்தி சண்டை முற்றும்போது சமாதானத்துக்கும் போடுகிறார்கள். அது ஃபோக் ராக் என்று ஒருவர் எழுதினார். டிரைவரிடம் படித்துக் காட்டினேன். “அப்படின்னா யாரு, நம்ம பக்கத்து ஆளா?” என்று கேட்டார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. மறைப்பதற்காக அல்ல. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எவ்வளவு யோசித்தாலும் என் நினைவில் அவர் மாமா, சித்தப்பா, அண்ணன், மச்சான், பெரியப்பா என்றுதான் வருகிறார். முறை இல்லாமல் ஒரு மனுஷனிடம் பேச அவருக்கு வராது. முதலில் முறையைத் தீர்த்துக்கொண்டால்தான் வாய் திறக்கும்.

வில்லியனூருக்கும் டவுனுக்கும் நடுவே ஷேர் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவர். கச்சேரி நாளில் மட்டும் டிரம்ஸும் ஸ்பீக்கரும் ஏற்றுவதற்கு அவர் வண்டியை அமர்த்திக்கொள்வோம். முதல் நாள் நான் கிதாரை முன்சீட்டில் வைத்துவிட்டு ஏறினேன். வண்டியை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

“எந்த ஊரு?”

“வில்லியனூர்தான்.”

“ஒங்க அம்மா?”

“செல்லிப்பட்டு.”

“நானும் செல்லிப்பட்டு. அப்போ ஒங்க அம்மா எனக்கு அக்கா. நான் உனக்குத் தாய்மாமன். முடிஞ்சு போச்சு. கதவ நல்லா அடிச்சு சாத்து, மாப்ள.”

என் அம்மா அந்த ஊரில் எந்தத் தெரு, எந்த வகையறா என்று அவர் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் ஒருவர் முறை வைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் ஆட்கள் உறவு விசாரிப்பதே தெருவைத் தெரிந்துகொள்ளத்தான். இவருக்கு ஊர் போதும். ஊரும் ஒத்துவரவில்லை என்றால் ஆற்றைப் பிடித்துக்கொள்வார். “சங்கராபரணித் தண்ணி குடிச்சவங்கதான?” என்பார், அதிலேயே ஒரு சித்தப்பா கிடைத்துவிடுவார்.

பாடகி பாகூர்க்காரி. அவளுக்கு ‘மருமவளே’ என்று வைத்தார். டிரம்ஸ்காரன் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், நமக்கெல்லாம் எங்கே முறை கிடைக்கப்போகிறது என்று பின்சீட்டில் சும்மா இருந்தான். “நீ கரிக்கலாம்பாக்கம்தான? என் பொண்டாட்டியோட சித்தி அந்த ஊருக்குத்தான் வாக்கப்பட்டா. சித்தி வூட்டுக்காரருக்கு நீ தம்பி, அப்போ எனக்குப் பங்காளி” என்று அவனையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் புரியவில்லை. டிரம்ஸ்காரனுக்குப் புரிந்ததா என்றும் தெரியவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவன் முன்சீட்டுக்கு வந்துவிட்டான்.

ஒரு தடவை போக்குவரத்துக் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். இவர் இறங்கி, “எந்த ஊரு சார்?” என்று ஆரம்பித்தார். மண்ணாடிப்பட்டு என்று அவர் பதில் சொன்னதுதான் தவறு. “அப்போ நீங்க எனக்குச் சித்தப்பா.” காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, “சரி மவனே, புக்க எடு” என்றார். எல்லாப் பேப்பரும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கிளம்பும்போது, “பெல்ட் போட்டுக்குனு ஓட்டுடா” என்று காவலர் அதட்டியதில் ஒரு சித்தப்பாவின் அக்கறை இருந்ததாக எங்கள் மாமா அடித்துச் சொன்னார்.

வெறும் வாய்ப்பேச்சு என்றால் நானும் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். என் அம்மாவுக்கு ஒரு தம்பி உண்டு. ஏதோ வாய்ச்சண்டையில் பேச்சு நின்றுபோய், பொங்கல் சீர் வருவதும் நின்றுபோயிருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் அம்மா வாசலை எத்தனை தடவை கூட்டுவாள் என்று எனக்குத் தெரியும். அந்த வருடம் வாசலில் டெம்போ வந்து நின்றது. இவர் வேட்டி கட்டி, தோளில் கரும்பும் கையில் மஞ்சள் கொத்தும் புதுப்பானையுமாக இறங்கினார்.

“யாருங்க?” என்றாள் அம்மா.

“இன்னாக்கா, தம்பிய யாருன்னு கேக்குற?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைச் சொறிந்தேன். அவள் பானையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். “வூட்டுக்காரிய அழைச்சுக்குனு வரக் கூடாதா?” என்று அவரைத் திட்டினாள். அதற்குப் பிறகு ஒரு வருடமும் அந்தச் சீர் தவறியதில்லை.

எல்லோரும் அம்மா மாதிரி பானையை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு ஊரில் கச்சேரி முடித்து ஸ்பீக்கர் ஏற்றும்போது, பெரிய வீட்டு வாசலில் நின்ற ஒருவரிடம், “மாமா, கொஞ்சம் பைக்க நவுத்துங்க” என்றார். அந்த ஆள் ஏற இறங்கப் பார்த்தார். “யாரு யாருக்குடா மாமா? எந்தத் தெருவுல இருந்து வந்து யாருக்கு மொற வெக்கிற?” டிரம்ஸ்காரன் கையில் இருந்த ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டான். இவர் மட்டும் அமைதியாக, “நீங்க கூப்புட வேணாம். நான் கூப்புட்டுக்குறேன். பைக்க நவுத்துங்க மாமா” என்றார். பைக் நகர்ந்தது. ஆனால் அன்றைக்கு எம்பலம் தாண்டும் வரைக்கும் வண்டியில் அவர் குரல் கேட்கவில்லை.

பாட்டு பிறந்தது வில்லியனூர் ரயில்வே கேட்டில். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், கேட் மூடியிருந்தது. டெம்போவில் நாங்கள் நாலு பேர், எங்களோடு பையை மடியில் கட்டிப்பிடித்தபடி ஒரு வயதான ஆள். மாமா வழக்கம்போல் திரும்பி, “நீ எனக்கு இன்னா மொற?” என்று விசாரணையைத் தொடங்கினார்.

“எனக்கு எவனும் மொற இல்லப்பா. இருந்தவனுங்க எல்லாம் போயிட்டானுங்க” என்றார் அந்த ஆள்.

“பொறந்ததுல பாதி மொறதான் வரும். மீதிய நாமதான் பேசிப் பேசி சேத்துக்கணும். சொல்லு, எந்த ஊரு?”

டிரம்ஸ்காரன் வண்டித் தகரத்தில் தட்ட ஆரம்பித்தான். பாடகி அவர் சொன்னதை அப்படியே இழுத்துப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டு ஒன்றின் பின்னால் எழுதினேன்:

நீ எனக்கு இன்னா மொற
நான் உனக்கு இன்னா மொற
பெத்ததால பாதி மொற
பேசிப் பேசி மீதி மொற

கேட் திறப்பதற்குள் பல்லவி முடிந்தது. அந்த ஆளுக்கும் பெரியப்பா முறை கிடைத்துவிட்டது. சரணத்துக்கு வரி தேடி நான் அலையவே இல்லை. அவர் பேச்சை ஒரு வாரம் பொறுக்கினேன், போதுமானதாக இருந்தது. அதில் ஒரு வரிதான் பின்னால் எங்கள் எல்லோரையும் படுத்தி எடுத்தது.

அந்த வரிக்கு வருவதற்கு முன் ஒருவரைச் சொல்ல வேண்டும். வில்லியனூரில் டெம்போ நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் வாயில் நூறு வார்த்தை போட்டால் ஒன்று திரும்பி வரும், அப்படிப்பட்ட ஆள். ஊருக்கெல்லாம் முறை வைக்கிற எங்கள் மாமா, இவரை மட்டும் ‘அண்ணே’ என்று கூப்பிடும்போது குரலில் ஒரு பணிவு வரும். காலையில் வண்டி எடுக்கும் முன் கடைக்குப் போய் சும்மாவாவது ஒரு டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். பஞ்சர் கடைக்காரரின் மகனைச் சின்ன வயதிலிருந்து டெம்போவில் ஏற்றி ஸ்கூலில் விட்டவர் அவர்தான். யாராவது, “ஒன் புள்ளயா?” என்று கேட்டால், “அண்ணன் பெத்த புள்ள எனக்கும் புள்ள, அவ்ளோதான்” என்பார். அவருக்குச் சொந்தத்தில் ஒரே மகள், ஆண்பிள்ளை கிடையாது.

நான் அதை அப்படியே பாட்டில் போட்டேன்:

அண்ணன் பெத்த புள்ள எனக்கும் புள்ள
அவ்ளோதான் அவ்ளோதான் வேற இல்ல

பாட்டு வெளியே வந்து, முதல் மாதம் யாரும் சீண்டவில்லை. பிறகு ஒரு கல்யாண வீடியோவில் யாரோ சித்தப்பாமார் ஐந்து பேர் அதற்கு ஆடினார்கள். அவ்வளவுதான், தீப்பிடித்துவிட்டது. கச்சேரியில் ஒரு வழக்கமும் ஏற்பட்டது. பாடகி மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தில் ஒருவரைக் காட்டி பக்கத்தில் இருப்பவரிடம், “இவரு உனக்கு இன்னா மொற?” என்று மைக்கை நீட்டுவாள். அவர் “மச்சான்!” என்றோ “சகல!” என்றோ கத்துவார், கச்சேரிக்கு நாங்கள் கூட்டிவரும் பம்பைக்காரர் எகிறி அடிப்பார். கோபத்தில் பேசாமல் இருந்த இரண்டு அண்ணன் தம்பி எங்கள் மைக்கில் சேர்ந்த கதை கூட உண்டு. எங்கள் மாமா ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் நான் வண்டியில் ஏறினேன். “வாங்க சார்” என்றார்.

நான் விளையாட்டு என்று நினைத்தேன். பாடகி ஏறினாள். “உக்காருங்க மேடம்” என்றார். டிரம்ஸ்காரனுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. பாகூர் போய்த் திரும்பும்வரை ஒருவரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்தோம்.

விஷயம் பாடகிக்குத்தான் முதலில் தெரிந்தது. மாமாவின் மகள் திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். பஞ்சர் கடைக்காரரின் மகனும் அங்கேதான், போக வர ஒரே கம்பெனி வேன். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், மூன்று வருடமாகிவிட்டது. ரத்தத்தில் ஒரு சொட்டு உறவு கிடையாது. ஆனால் ஊர் முழுக்கக் கேட்க, அப்பாக்காரர் வாயால் ‘அண்ணன்’ என்று வைத்த வீடு. அண்ணன் மகனும் தம்பி மகளும் அண்ணன் தங்கை ஆயிற்றே, எப்படிக் கட்டுவது? அந்தப் பெண் வேன் ஏற நின்றால், பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் எங்கள் பாட்டைப் பாடிக் கேலி செய்தார்களாம். ‘அண்ணன் பெத்த புள்ள எனக்கும் புள்ள.’ கேட்டபோது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் அழுதுகொண்டே பாடகியிடம், “அவர இல்லாம நான் வேற எவனையும் கட்டிக்க மாட்டேன்க்கா. எங்க அப்பா கொடுத்தாதான் கட்டிப்பேன். ரெண்டுல எது இல்லன்னாலும் இப்படியே இருந்துடுவேன்” என்று சொல்லியிருக்கிறாள்.

முறை இடித்தால் என்ன செய்வது என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். “அப்பன் வழியில ஒத்து வரலியா, ஆத்தா வழியில பாரு. கேட் மூடியிருந்தா வேற ரோட்டுல போறதில்ல?” என்பார். அப்படி வழி மாற்றிப் பார்த்து எத்தனை கல்யாணங்களை முடித்து வைத்திருக்கிறார். இங்கேயும் வழி இருந்தது. அவர் மனைவியே அதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த அத்தை பஞ்சர் கடைக்காரரை, புருஷனுக்கு அண்ணன் என்பதால், அத்தனை வருடமும் ‘மாமா’ என்று கூப்பிட்டவர். ஒரு நாள் காலையில் நேராகக் கடைக்குப் போய், “அண்ணே, நல்லா இருக்கீங்களா?” என்றார். கடைக்காரர் கையிலிருந்த டியூபைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டார்.

“இன்னா புதுசா?”

“இன்னையிலருந்து நான் ஒங்க தங்கச்சி. ஒங்க புள்ளைக்கு என் பொண்ணு அத்த மவ. கட்டிக்கிற மொற. போதுமா?”

கடைக்காரர் டியூபை வாளியிலிருந்து எடுத்து உதறினார். “நீ கூப்புட்டா போதுமா? நாலு பேர் கேக்க என்னை அண்ணன்னு கூப்புட்டவன் அவன். நாலு பேர் கேக்க அவன் மச்சான்னு கூப்புடட்டும். நாளைக்கே தட்டு மாத்திக்கலாம்” என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. அதைத்தான் எங்கள் மாமாவால் சொல்ல முடியவில்லை. மகள் சோறு தின்னாமல் கிடந்தாள். மனைவி பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கூடப்பாக்கத்தில் டீ குடிக்க இறங்கியபோது கேட்டேவிட்டேன்.

“ஊருக்கெல்லாம் வழி மாத்தி விடுறீங்க. ஒங்க பொண்ணுக்கு ஒரு வார்த்த மாத்தக் கூடாதா?”

டீயை அப்படியே வைத்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அப்போ எனக்கு இருவது வயசு. லாரி கிளீனரு. ஒரு நாளு பேரல் உருண்டு வந்து கால்ல ஏறிடுச்சு. அப்பன் ஆத்தா இல்ல, கூடப் பொறந்தது இல்ல. ஆஸ்பத்திரில ஆபரேசன் பண்ணணும், சொந்தக்காரங்க கையெழுத்து போடுங்கன்றாங்க. யாரு போடுவா? ரோட்டுல கெடந்த என்னை சைக்கிள் ரிக்‌ஷாவுல போட்டு இட்டாந்த ஆளு அங்கதான் நின்னுக்குனு இருந்தாரு. பேரு கூடத் தெரியாது. பேப்பர வாங்கினாரு. நோயாளிக்கு இன்னா ஒறவுன்னு போட்டிருந்த எடத்துல, அண்ணன்னு எழுதி கையெழுத்து போட்டாரு.”

வலது காலை நீட்டிக் காட்டினார். கெண்டைக்காலில் நீளமான தழும்பு.

“ஊர்ல எல்லாருக்கும் நான் மொற வெச்சேன், மாப்ள. எனக்கு மொற வெச்ச ஒரே ஆளு அவருதான். மச்சான்னு ஒருத்தன் எங்க வேணா கெடைப்பான். அண்ணனுக்கு நான் எங்க போவேன்?”

பல வாரம் கழித்து என்னை மாப்ள என்றார் என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

காணும் பொங்கல் அன்று பாகூர் ஏரிக்கரைப் பக்கம் எங்களுக்குக் கச்சேரி. உறவுக்காரர்களைப் பார்க்கக் கிளம்புகிற நாள், அதனால் வில்லியனூர் ஜனமும் பாதி அங்கேதான் இருந்தது. வெயில் சாயும் நேரம். பஞ்சர் கடைக்காரர் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் மாமா ஸ்பீக்கருக்குப் பின்னால். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் பாடுவதென்று நாங்கள் நாலு பேரும் முடிவு செய்திருந்தோம். சரணம் வந்தது, பாடகி வாயை மூடிக்கொண்டாள், நான் கிதாரில் நிரப்பினேன். எங்களுக்கு எங்கே தெரியும், கூட்டமே அந்த வரியைப் பாடிவிட்டது. அத்தனை ஜனமும் ஒரே குரலில். மாமா முகத்தை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாடகிக்கு என்ன தோன்றியதோ, மைக்கோடு இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசையில் நிறுத்தினாள். அவள் பஞ்சர் கடைக்காரரைக் காட்டி, பாட்டில் வருகிற மாதிரியே கேட்டாள்.

“மாமா, இவரு உனக்கு இன்னா மொற?”

டிரம்ஸ்காரன் வாசிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் சத்தத்தைக் குறைத்துவிட்டான். மாமா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். அவர் மகள் நாலு வரிசை தள்ளி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஊரிலுள்ள ஒவ்வொருவனுக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்த மனுஷன், மைக்குக்கு முன்னால் வாயடைத்து நின்றார். இப்படிக் கேட்டிருக்கவே கூடாது, கொன்றுவிட்டோம் அவரை என்று நினைத்தேன்.

பஞ்சர் கடைக்காரர் எழுந்தார். பாடகியின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அந்த ஆள் மைக் பிடித்து யாரும் பார்த்ததில்லை, அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பாடகி திருப்பிக் கொடுத்தாள்.

“அன்னைக்கும் இவன் கேக்கல. நானாத்தான் மொற வெச்சேன். இன்னைக்கும் நானே வெக்கிறேன்” என்றார். “இவன் எனக்கு மச்சான்.”

பம்பைக்காரர் அடித்த அடியில் ஏரிக்கரை அதிர்ந்தது. மகள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். மாமா அவள் தலையைத் தடவியபடி, அழுதுகொண்டே சிரித்தார். ஊருக்கு அது சந்தோஷம். கடைக்காரர் மைக்கைக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தபோது துண்டால் கண்ணைத் துடைத்ததை மேடையிலிருந்து நான் பார்த்தேன்.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து மேடையில் நாங்கள் அந்த வரியை, ‘மச்சான் பெத்த புள்ள எனக்கு மாப்புள்ள’ என்று மாற்றித்தான் பாடுகிறோம். பதிவில் ஒன்று, மேடையில் ஒன்று, ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மாமாவும் பழையபடி ஆகிவிட்டார். சார் போய் மாப்ள வந்தது. மகள் கல்யாணத்தை வைத்தே புதிதாக ஒரு ஐம்பது பேருக்காவது முறை கண்டுபிடித்திருப்பார். மருமகனை மட்டும் அவ்வப்போது வம்புக்கு இழுப்பார். “எனக்குக் கொள்ளி வெக்க வேண்டிய புள்ளைய மாப்ளயா மாத்திட்டீங்களேடா. இப்போ நான் செத்தா எவன்டா வெப்பான்?” எல்லோரும் சிரிப்பார்கள். அத்தை மட்டும், “பேசுற பேச்சப் பாரு” என்று கரண்டியை ஓங்குவார்.

ஒன்றே ஒன்று பழையபடி ஆகவில்லை. காலையில் பஞ்சர் கடைக்குப் போவார், டயரைத் தட்டுவார், “இந்தாப்பா, காத்து பாரு” என்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டார். ‘மச்சான்’ அவர் வாயில் வரவில்லை. ‘அண்ணே’ என்று கூப்பிட்டால் மகள் வாழ்க்கைக்கு ஆகாது. ஏழு வருடம் அந்த ஒரு மனுஷருக்கு மட்டும் அவரிடம் முறை இல்லாமல் போயிற்று.

போன வருடம் ஒரு காலையில், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் அதற்கு முன்னால் நின்று அவர் பெயரை முதல்முதலாகப் படித்தோம். யாரோ வேற்று ஆளின் பெயர் மாதிரி இருந்தது. என் அம்மா, “என் தம்பி, என் தம்பி” என்று அடித்துக்கொண்டு அழுதாள். பெரிய வீட்டுக்காரர், அந்த பைக் ஆள், ஒரு மாலையைக் கொண்டுவந்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

எடுக்கிற நேரம் வந்தது. சடங்கு செய்கிறவர், “பங்காளிங்க முன்னால வாங்க. கொள்ளி வெக்கிறது யாரு?” என்று கேட்டார். ஒருவரும் நகரவில்லை. வாய்முறைச் சொந்தக்காரர்கள் நூறு பேர் இருந்தோம், கொள்ளிச் சட்டி எடுக்கிற உரிமை எங்களுக்கு உண்டா என்று எவனுக்கும் தெரியவில்லை. மருமகன் கண்ணீரோடு ஒரு அடி வைத்தான். “நீ மாப்ள, நீ வெக்கக் கூடாது” என்று யாரோ நிறுத்தினார்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அப்படியே பலித்து நின்றது. அத்தை பாடைக்குப் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

பஞ்சர் கடைக்காரர் சட்டையைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

“நான் வெக்கிறேன்.”

“நீங்க சம்பந்தி. மச்சான் மொறயாச்சே, பெரியவரே” என்றார் சடங்கு செய்கிறவர்.

“அது புள்ளைங்களுக்காக வெச்சது. அதுக்கு முன்னால ஆஸ்பத்திரி பேப்பர்ல அண்ணன்னு எழுதிக் கையெழுத்து போட்டது நானு. அத எவன் அழிச்சான்?”

அவர் குனிந்து நெருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டார். டிரம்ஸ்காரன் போய் பாடையின் ஒரு முனையைப் பிடித்தான், பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். கடைக்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார்.

“தூக்குங்கடா என் தம்பிய” என்றார்.